இரண்டு கிலோ விதைநெல்: ஓர் ஊர்த்தொண்டரின் பணி

(விவசாய டிமான்ஸ்ட்ரேட்டர் ஒருவர் எழுதியது)

நமது நாட்டுக் குடியானவர் இல்லங்களில் தொன்றுதொட்டு வழங்கிவந்த கட்டுப்பாடு ஒன்று உண்டு. உலை வைக்க அரிசி இல்லாவிடினும் விதைக்கோட்டையை அவிழ்க்கலாகாது என்பதே அது. குதிர் வெறுமையானால் கடன் வாங்கியேனும் கஞ்சி காய்ச்சுவர். விதைநெல்லைக் குத்தி உண்டவனை ஊரார் மதியார். ஒருவன் விதை வெள்ளத்திலோ தீயிலோ போய்விட்டால், அண்டை வீட்டான் தன் கோட்டையிலிருந்து அளந்து கொடுப்பான். வாங்கியவன் அடுத்த அறுவடையில் சிறிது கூட்டித் திருப்பி அளப்பான். ஆகவே விதை பெயரளவில் ஒரு குடும்பத்தின் உடைமையாயினும், உண்மையில் ஊர் முழுவதற்கும் உரிய பொதுமுதலாகவே இருந்துவந்தது.

சென்ற அறுபது வருஷங்களில் இக்கட்டுப்பாடு தளர்ந்துவிட்டது. விதை கடையிலும் டிப்போவிலும் கிடைக்கத் தொடங்கிய பின், வீட்டில் கோட்டை கட்டும் வழக்கம் குறைந்தது. இதனால் நன்மையே விளையவில்லை என்று கூறுவதற்கில்லை. அதனைப் பின்னர்க் கூறுவோம். ஆனால் ஊர்தோறும் வழங்கிய பழைய ரகங்கள் ஒவ்வொன்றாக மறைந்தபோது, மறைவதை எவரும் கணக்கெடுக்கவில்லை. யாருக்கும் உரியதல்லாத இவ்வேலையைத் தம் வேலையாக மேற்கொண்டு, பதினைந்து வருஷ காலம் அலைந்து செய்தவர் திருவாரூர் ஜில்லாவைச் சேர்ந்த ஸ்ரீ நெல் ஜெயராமன் ஆவார். அவர் பெயரை நமது வாசகர்களில் பெரும்பாலோர் அறிவர். அவர் எத்தனை ரகங்களைத் திரட்டினார் என்பதும் பலருக்குத் தெரியும். அவர் கையாண்ட முறை என்ன, அதை நமது ஊர்களில் எவ்வாறு கைக்கொள்ளலாம் என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

பொதுவாழ்வில் இறங்கிய விதம்

ஸ்ரீ ஜெயராமன் திருத்துறைப்பூண்டி தாலூகாவிலுள்ள கட்டிமேடு கிராமத்தவர். அவர் பெருநிலம் படைத்த மிராசுதாரர் அல்லர். விவசாயக் கல்லூரியில் பயின்றவரும் அல்லர். அவர் முதலில் ஈடுபட்டது நுகர்வோர் உரிமைக்காகப் பாடுபடும் சங்கங்களின் ஊழியத்தில்தான். விலை கொடுத்து வாங்குபவன் தனக்குக் கிடைப்பது சரியான பொருளா என்று கேட்கும் உரிமையுடையவன் என்பதே அவ்வியக்கத்தின் அடிப்படை. உண்பவனுக்காகத் தொடங்கிய அவ்வேலை, உண்ணும் அரிசி எவ்விதையிலிருந்து வருகிறது என்ற கேள்விக்கு அவரைக் கொண்டுசென்றது இயல்பேயாகும். பின்னர் 'நமது நெல்லைக் காப்போம்' என்ற பிரசாரத்திற்குத் தமிழ்நாட்டில் அவரே ஒருங்கிணைப்பாளராக இருந்து உழைத்தார்.

2003-ஆம் வருஷத்தில் இயற்கை விவசாயத்தை வற்புறுத்திவந்த ஸ்ரீ கோ. நம்மாழ்வார், பூம்புகாரிலிருந்து கல்லணை வரையில் காவிரிப் பாசனப் பிரதேசத்தில் கால்நடையாக ஒரு யாத்திரை மேற்கொண்டார். ஸ்ரீ ஜெயராமன் அதில் உடன் சென்றார். வழியில் ஊர்தோறும் தங்கிக் குடியானவர்களுடன் அளவளாவியபோது, பழைய நெல் ரகங்கள் சிலவற்றை இன்னும் விடாமல் பயிரிட்டுவந்த முதியோர் சிலர், தம்மிடமிருந்த விதையில் ஒரு பகுதியை அவர்களிடம் ஒப்படைத்தனர். 'காட்டுயானம்' முதலிய சில ரகங்கள் இவ்வாறு கிடைத்தன. பெற்ற விதையைக் காக்கும் பொறுப்பை ஸ்ரீ ஜெயராமன் ஏற்றார். அவருக்கு 'நெல்' என்ற அடைமொழியைச் சூட்டியவரும் ஸ்ரீ நம்மாழ்வாரே.

அது முதல் அவர் ஊர் ஊராகச் சென்று விதை தேடலானார். ஒரு ரகம் இன்ன ஊரில் இன்னாரிடம் இருக்கிறது என்று கேள்விப்பட்டால் அங்கே சென்று ஒரு கைப்பிடியேனும் பெற்றுவருவார். இவ்வாறு திரட்டிய ரகங்கள் ஏறத்தாழ 170 ஆகும்.

விதையைப் பெட்டியில் பூட்டலாகாது

விதை திரட்டுவது இவ்வேலையில் பாதிக்கும் குறைவானதே என்பதைக் குடியானவர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. நாணயத்தையும் ஓலைச்சுவடியையும் திரட்டுபவன் அவற்றைப் பேழையில் வைத்துப் பூட்டிவிட்டு நிம்மதியாக உறங்கலாம். நெல் அத்தகையதன்று. நமது கடற்கரைப் பிரதேசங்களின் ஈரக்காற்றில், சாதாரணமாகச் சேமித்த விதையின் முளைப்புச் சக்தி ஒரு வருஷத்திற்கு மேல் விரைவாகக் குறைந்துவிடும். அந்துப்பூச்சியும் வண்டும் வேறு காத்திருக்கின்றன. ஆகையால் ஒரு ரகத்தைக் காப்பது என்பது அதை வருஷந்தோறும் தவறாமல் விதைத்து, தவறாமல் அறுப்பதேயாகும். ஒரு போகம் தவறினால் அபாயம். இரண்டு போகம் தவறினால் பெரும்பாலும் அந்த ரகம் நம் கையை விட்டுப் போயிற்று என்றே கொள்ளலாம்.

சர்க்கார் ஸ்தாபனங்கள் இதற்கு வேறு வழி கண்டுள்ளன. புதுடில்லியிலுள்ள தேசியப் பயிர் மரபுவள நிலையத்தில் நன்கு உலர்த்திய விதைகளை உறைகுளிர் அறைகளில் வைத்து நெடுங்காலம் காக்கிறார்கள். பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட நெல் மாதிரிகள் இவ்வாறு பாதுகாக்கப்படுகின்றன. இவை இன்றியமையாத ஏற்பாடுகள்தாம். ஆயினும் குளிர் அறையில் உறங்கும் விதை மழையையும் பூச்சியையும் மண்ணையும் அறியாது. அந்நெல்லை எந்தப் பட்டத்தில் விதைக்க வேண்டும், எவ்வளவு நீரில் நிற்கும், எப்போது அறுக்க வேண்டும், எப்படிச் சமைக்க வேண்டும் என்ற அறிவும் அவ்வறையில் தங்காது. அது பயிரிடுபவன் வீட்டில்தான் தங்கும்.

170 ரகங்களை வருஷந்தோறும் தனித்தனிப் பாத்தியில் விதைத்து, கலப்பில்லாமல் அறுத்து, தனித்தனியே உலர்த்திக் கட்டிவைப்பது தனி மனிதர் ஒருவரால் நெடுங்காலம் இயலாத காரியம். ஒரு பெருவெள்ளம் வந்தாலும், அவருக்கே ஒரு நோய் நேர்ந்தாலும் அனைத்தும் பாழாகும். இதனை உணர்ந்தே அவர் தம் விதைகளைத் தம்மிடம் வைத்துக்கொள்ளாமல் பிறரிடம் சேர்ப்பிப்பதற்கு ஓர் ஏற்பாடு செய்தார்.

இரண்டுக்கு நான்கு

2006-ஆம் வருஷம் முதல் திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கம் கிராமத்தில், வருஷந்தோறும் கோடையில் நெல் திருவிழா நடத்தலானார். பல ஜில்லாக்களிலிருந்தும் விவசாயிகள் வந்து கூடி ரகங்களைப் பார்த்து, ஒருவரோடொருவர் அனுபவங்களைப் பேசித் தெரிந்துகொண்டனர். வந்தவர்களுக்கு அவரவர் விரும்பிய ரகத்தில் 2 கிலோ விதை விலையின்றி அளிக்கப்பட்டது. அதற்கு ஒரே நிபந்தனைதான். பெற்றவர் அதைப் பயிரிட்டு அடுத்த வருஷத் திருவிழாவில் 4 கிலோவாகத் திருப்பித் தரவேண்டும்.

இவ்வேற்பாட்டின் நுட்பத்தைச் சிறிது விரித்துக் கூறுவது நலம். முதலாவது, இதில் வட்டிக்கொடுமை யாதும் இல்லை. 2 கிலோ விதையைச் சிக்கனமாக நாற்றுவிட்டு ஒற்றை நாற்றாக நட்டால் அரை ஏக்கருக்குக் குறையாமல் நடலாம். அதில் விளையும் சில நூறு கிலோ நெல்லில் 4 கிலோவைப் பிரித்துக் கொடுப்பது எவருக்கும் பாரமாகாது. இரண்டாவது, இலவசமாகப் பெற்றதை மறந்துவிடுவது மனித இயல்பு. திருப்பித் தரவேண்டிய கடனாகப் பெற்றதை ஒருவன் தனிப் பாத்தியில் விதைத்துக் கண்ணுங் கருத்துமாகப் பார்த்துக்கொள்வான். ஆகவே அந்த நிபந்தனையே பயிருக்குக் காவலாயிற்று.

மூன்றாவதும் முக்கியமானதுமான விஷயம் கணக்கைப் பற்றியது. திரும்பி வரும் 4 கிலோ, புதியவர் இருவருக்குப் போதுமானது. அவர்கள் 8 கிலோ தருவர். அது நால்வருக்கு ஆகும். எவரும் தவறாவிடில் பத்து வருஷத்தில் ஒரு 2 கிலோ விதை 1,024 பேர் கைக்குப் போய்ச் சேரும். அனைவரும் தவறாது தருவர் என்று நாம் எதிர்பார்ப்பதற்கில்லை. ஒருவனுக்கு வெள்ளம், ஒருவனுக்கு வறட்சி, ஒருவனுக்கு மறதி. ஆயினும் இந்த ஏற்பாட்டில் சரிபாதிப் பேர் திருப்பித் தராவிடினும் விதையின் தொகை குறைவதில்லை. இருவர் பெற்றதில் ஒருவர் மட்டும் 4 கிலோ தந்தால், கொடுத்த 4 கிலோவும் அப்படியே மீளுகிறது. மனிதர் எல்லோரும் யோக்கியராகவும் வானம் எப்போதும் அநுகூலமாகவும் இருந்தால்தான் நடக்கும் என்ற திட்டங்கள் நம் நாட்டில் அநேகம் தோன்றி மறைந்துள்ளன. பாதிப்பேர் தவறினாலும் நிலைத்து நிற்கக்கூடிய திட்டமே குடியானவர்களுக்கு ஏற்ற திட்டமாகும்.

பழைய ரகங்களின் தன்மை

இந்த ரகங்கள் ஏன் காக்கத்தக்கவை? அவை அனைத்தும் மிகுந்த மகசூல் தருவன என்று நாம் கூறவில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஒரு குறிப்பிட்ட இடர்ப்பாட்டுக்கு விடையாக நம் முன்னோரால் தேர்ந்தெடுக்கப்பட்டது. உள்ளே யானை நின்றாலும் தெரியாத அளவு உயர்ந்து வளர்வதால் காட்டுயானம் என்ற பெயர் வந்தது என்பர். ஏறத்தாழ ஆறு மாதப் பயிராகிய அது, நீர் தேங்கும் தாழ்நிலங்களில் நீருக்கு மேல் தலைநீட்டி நிற்கவல்லது. பூங்கார் குறுகிய காலத்தில் விளைவது. வறட்சியையும் ஓரளவு நீர்த்தேக்கத்தையும் பொறுக்கும். குழியடிச்சான் கடலோர உவர்நிலங்களிலும் மழை குறைந்த வருஷங்களிலும் விளையும். களர்பாலையின் குணத்தை அதன் பெயரே அறிவிக்கும். சீரகச் சம்பாவும் தூயமல்லியும் சோற்றின் சுவையினால் பெயர் பெற்றவை. மாப்பிள்ளைச் சம்பா பசியைத் தாங்கும் உரமான உணவு என்று மதிக்கப்படுவது.

இவற்றின் குறைகளையும் மறைக்கலாகாது. உயரமான பழைய ரகங்கள் தழைச்சத்து மிகுதியானால் சாய்ந்துவிடும். ஆகையால் ரசாயன உரத்தைத் தாராளமாக இட்டு இவற்றிலிருந்து பெருமகசூல் எதிர்பார்ப்பவர் ஏமாற்றமடைவர். சம்பா வகைகளில் பல, பகற்பொழுது குறையும் பருவத்தில்தான் பூக்கும். பட்டந் தவறி விதைத்தால் தக்க பயன் தாரா. மேலும், இவ்வரிசி இன்ன நோயை உறுதியாகத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதில் நிதானம் வேண்டும். மிகையாகப் புகழ்ந்து விற்ற சரக்கு, பொய்யென்று தெரிந்தவுடன் ஒரேயடியாகக் கைவிடப்படும்.

இலாகாவும் பழைய விதையும்

பழைய ரகங்களுக்கும் சர்க்கார் ஆராய்ச்சிக்கும் பகை உண்டு என்று கருதுவோர் உளர். அது சரித்திரத்துக்கு ஒவ்வாது. கோயமுத்தூரில் 1912-ஆம் வருஷத்தில் நெல் ஆராய்ச்சி நிலையம் ஏற்பட்டபோது, அங்கே முதன்முதலில் செய்த வேலை குடியானவர் வயல்களில் வழங்கிய ரகங்களைத் திரட்டித் தேர்ந்தெடுத்ததேயாகும். 1921-இல் வெளிவந்து புகழ்பெற்ற ஜி. இ. பி. 24 என்ற நெல், அவ்வாறு வழங்கிய பழைய ரகமொன்றிலிருந்தே தோன்றியது. தஞ்சை ஜில்லாவில் 1960-களில் பெரிய மாறுதலை உண்டாக்கிய ஆடுதுறை 27 என்ற நெல்லுக்கு, ஜப்பானிய ரகமொன்றும் இந்த ஜி. இ. பி. 24-ம் பெற்றோராகும். பஞ்சம் அஞ்சி அயல்நாட்டுக் கப்பலை எதிர்பார்த்திருந்த அக்காலத்தில், புதிய ரகங்கள் நாட்டின் பசியைத் தீர்த்தன என்பதை மறுக்கலாகாது. ஆனால் பழைய விதை இல்லையேல் புதிய விதையும் இல்லை என்பதும் இதனால் விளங்கும்.

இவ்விடத்தில் இதை எழுதுபவன் தன் தவறொன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். சில வருஷங்களுக்கு முன், வடிகால் வசதி இல்லாத கடைமடைக் கிராமம் ஒன்றில் அறுபது வயது கடந்த குடியானவர் ஒருவர், தம் நிலத்தில் மிகத் தாழ்வான 3 மா பரப்பில் மட்டும் காட்டுயானம் விதைத்துவந்தார். மற்ற வயல்களில் புதிய ரகம் செழித்திருக்க, இந்த 3 மாவில் மகசூல் குறைவாயிருப்பதைக் கண்டு, அதையும் மாற்றிவிடுமாறு யான் பலமுறை வற்புறுத்தினேன். "நீங்கள் படித்தவர், சொன்னால் சரியாகத்தான் இருக்கும் ஐயா" என்று சொல்லி, அவர் ஒப்புக்கொண்டார். பழைய விதை முழுவதையும் அரைத்துச் சோறாக்கிவிட்டார். முதல் வருஷம் மழை அளவோடு பெய்தது, மகசூல் உயர்ந்தது. யானும் மகிழ்ந்து அறிக்கை எழுதினேன். இரண்டாம் வருஷம் ஐப்பசி அடைமழையில் அந்த 3 மாவிலும் இடுப்பளவு நீர் பல நாள் வடியாமல் நின்றது. குட்டையான பயிர் முழுவதும் அழுகிற்று.

தை மாதத்தில் அவர் என்னிடம் வந்தார். கோபமாக ஒரு சொல்லும் கூறவில்லை. "ஐயா, அந்தப் பழைய விதை ஒரு மரக்கால் எங்கேயாவது கிடைக்குமா?" என்று மாத்திரம் கேட்டார். அருகிலுள்ள கிராமங்களில் விசாரித்தேன்; எங்கும் இல்லை. அவர் வீட்டில் தலைமுறை தலைமுறையாக இருந்த விதையை, ஒரே வருஷத்தில் இல்லாமற் செய்தவன் யான் என்பது அப்போதுதான் நன்கு புலப்பட்டது. புதிய ரகத்தைச் சிபாரிசு செய்தது தவறன்று. பழைய விதையில் ஒரு பாத்தியளவேனும் நிறுத்திவைக்கும்படி கூறாததே தவறு. இறுதியில் ஆதிரெங்கம் திருவிழாவில் 2 கிலோ பெற்றுவந்து பயிரிட்டிருந்த வேறொரு தாலூகாவின் விவசாயியிடம் அது கிடைத்தது. பணம் கொடுக்க முற்பட்டபோது அவர் வாங்க மறுத்து, "அடுத்த வருஷம் நாலு கிலோவாகக் கொடுங்கள், போதும்" என்றார். முதியவர் அவ்வாறே கொடுத்தார். அன்று முதல் யான் எந்த ஊரில் எந்தப் புதிய ரகத்தைச் சிபாரிசு செய்யினும், பழைய விதைக்கு ஒரு பாத்தி ஒதுக்குமாறு முதலில் சொல்லிவிட்டே தொடங்குகிறேன்.

ஒவ்வோர் ஊரிலும் செய்யத்தக்கது

ஸ்ரீ ஜெயராமன் செய்ததுபோல் ஒவ்வொருவரும் 170 ரகங்களைத் திரட்ட வேண்டுவதில்லை. ஓர் ஊரில் நான்கைந்து பேர் மனம் வைத்தால் தம் மண்ணுக்குரிய மூன்று நான்கு ரகங்களை என்றும் அழியாமல் காக்கலாம். அதற்கான முறைகள் கீழே தரப்படுகின்றன.

1. ஊரிலுள்ள முதியோரை விசாரித்து, முன்னர் அவ்வூரில் மேட்டு நிலத்துக்கும் பள்ள நிலத்துக்கும் உவர் நிலத்துக்கும் உரியனவாக வழங்கிய ரகங்களின் ஜாபிதா ஒன்று தயாரிக்க வேண்டும். பெயரோடு வயது, விதைக்கும் பட்டம், குணம் ஆகியவற்றையும் எழுதுக.

2. ஒரு ரகத்துக்கு இரண்டு பொறுப்பாளர் இருக்க வேண்டும். இருவர் வயலும் ஒரே மடையில் இருத்தல் கூடாது. ஒருவர் பயிர் வெள்ளத்தில் போயினும் மற்றவருடையது மிஞ்சும்.

3. நெல் பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளும் பயிராதலின், கலப்பைத் தடுப்பது கடினமன்று. விதைப்பாத்திக்கும் வேறு ரக வயலுக்கும் இடையே 3 மீட்டர் இடைவெளி போதுமானது. முந்திய போகத்தில் உதிர்ந்த நெல் முளைக்காதபடி முதலில் நீர் பாய்ச்சி முளைக்கவிட்டு உழுதுவிட வேண்டும்.

4. தூர் கட்டும்போதும், பூக்கும்போதும், அறுவடைக்கு முன்னும் வயலில் இறங்கி உயரத்திலும் நிறத்திலும் பூக்கும் காலத்திலும் வேறுபட்ட கலவன்களைப் பிடுங்கி எறிய வேண்டும். ஒரு வருஷம் சோம்பினால் அடுத்த சில வருஷங்களில் ரகமே மாறிவிடும்.

5. வரப்பை ஒட்டிய கதிர்களை நீக்கி, பாத்தியின் நடுவிலுள்ள நன்கு முற்றிய கதிர்களையே விதைக்கு அறுக்க வேண்டும். களத்தைச் சுத்தமாகப் பெருக்கிய பின் கையால் அடித்து நெல்லைப் பிரிப்பது உத்தமம். இயந்திரங்களில் தங்கிய பிற நெல்லே கலப்புக்குப் பெரிய காரணமாகும்.

6. உச்சி வெயிலைத் தவிர்த்துக் காலையிலும் மாலையிலும் உலர்த்துக. ஈரம் நூற்றுக்கு 13 பங்குக்கு மேல் இருத்தல் ஆகாது. ஒரு மணியைப் பல்லில் கடித்தால் நசுங்காமல் ஓசையுடன் உடைவதே பழைய அடையாளம். நன்கு ஆறிய பின்னரே கட்ட வேண்டும்.

7. வைக்கோற் கோட்டையிலோ மண்பானையிலோ புதிய சாக்கிலோ, உலர்ந்த வேப்பிலை நொச்சியிலைகளைக் கலந்து வைத்து, தரையில் படாமல் பரண்மேல் வைக்கவும். உள்ளே ஒன்றும் வெளியே ஒன்றுமாக இரண்டு சீட்டுகளில் ரகத்தின் பெயர், அறுத்த தேதி, பயிரிட்டவர் பெயர் ஆகியவற்றை எழுதி வைக்க வேண்டும்.

8. விதைக்கு முன், 100 மணிகளை எண்ணி ஈரச் சாக்கில் சுருட்டி வைத்து முளைப்பைச் சோதிக்க. 80-க்குக் குறையாமல் முளைத்தால் நல்ல விதை. பின்னர், கோழிமுட்டை மேலே மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்த நீரில் விதையைக் கொட்டி, மிதக்கும் பதரையும் அரைவயிற்று நெல்லையும் நீக்கிவிட்டு, மூழ்கியதை நல்ல நீரில் இரண்டு மூன்று முறை கழுவி ஊறவைக்க வேண்டும்.

9. கொடுத்த விதைக்கும் திரும்பிய விதைக்கும் ஒரு பதிவுப் புஸ்தகம் அவசியம். யாருக்கு, எந்த ரகம், எவ்வளவு, எந்தத் தேதி, திரும்பியது எவ்வளவு என்ற ஐந்து கலங்கள் போதும். வெள்ளத்திலோ வறட்சியிலோ இழந்தவருக்கு மறுமுறையும் 2 கிலோ கொடுக்கத் தயங்கலாகாது.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு விண்ணப்பம்

இவ்வேலைக்குப் பெரும் பொருட்செலவு ஒன்றும் இல்லை. நம்பிக்கைக்குரிய ஓர் இடமும் சபையும் வேண்டும். அவ்விரண்டையும் அளிக்கக்கூடியவர்கள் பஞ்சாயத்துத் தலைவர்களும் கிராம நிர்வாக அலுவலர்களுமே. மே மாதம் முதல் தேதியில் கூடும் கிராம சபையில், விதைப் பதிவுப் புஸ்தகத்தைச் சில நிமிஷம் வாசிக்கச் செய்தால் போதும். திருப்பித் தந்தவர் பெயர் சபையில் கேட்கப்படும். தராதவர் தாமாகவே நினைவு கொள்வர். மேட்டூர் அணையின் நீரை எதிர்பார்த்துக் குடியானவர்கள் விதையைப் பற்றி யோசிக்கும் காலமும் அதுவே.

விதை பரிமாறிக்கொள்வது சட்ட விரோதமாகுமோ என்று சிலர் ஐயுறுகின்றனர். 2001-ஆம் வருஷத்துப் பயிர் ரகங்கள் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டமானது, விவசாயி தன் விளைபொருளை விதையாகச் சேமிக்கவும், மீண்டும் விதைக்கவும், பிறருடன் பரிமாறிக்கொள்ளவும், பங்கிடவும், விற்கவும் தெளிவாக உரிமை அளித்துள்ளது. பாதுகாப்புப் பெற்ற ரகத்தின் விதையை வியாபாரப் பெயரிட்ட பொட்டலமாக விற்பதற்கு மாத்திரமே தடை உண்டு. ஆகவே ஊரார் தமக்குள் அளந்து கொடுத்து வாங்கும் இம்முறைக்கு யாதொரு இடையூறும் இல்லை.

அவர் விட்டுச்சென்றது

ஸ்ரீ நம்மாழ்வார் 2013-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி காலமானார். அதன் பின்னரும் ஸ்ரீ ஜெயராமன் திருவிழாவை நிறுத்தவில்லை. ராஜ்ய சர்க்காரும் மத்திய சர்க்காரும் அவருக்கு விருதளித்தன. கொடிய புற்றுநோய் பற்றிய பின்னும் அவர் மனம் விதையைவிட்டு அகலவில்லை. 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி, கஜா என்னும் புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையேறி, அவர் பிறந்த பிரதேசத்தையே அலங்கோலமாக்கிற்று. மூன்று வாரங்கள் கழித்து, டிசம்பர் 6-ஆம் தேதியன்று அவர் சென்னையில் காலமானார். அப்போது அவருக்கு வயது ஐம்பதே.

ஒரே ஒரு களஞ்சியத்தில் அத்தனை விதையும் இருந்திருந்தால், அந்தப் புயலும் அந்த மரணமும் அடுத்தடுத்து நேர்ந்தபோது என்ன ஆகியிருக்கும் என்று சிந்தித்துப் பார்க்க வேண்டும். ஆனால் விதை ஒரே இடத்தில் இல்லை. பன்னிரண்டு வருஷங்களாக இரண்டிரண்டு கிலோவாக வெளியேறி, பல ஜில்லாக்களில் முகம் அறியாத விவசாயிகள் வீட்டுப் பரண்களில் அது தங்கியிருந்தது. அவர் மறைவுக்குப் பின்னும் திருவிழா தொடர்ந்து நடந்துள்ளது. 2021-ஆம் வருஷம் தமிழ்நாடு சர்க்கார் முதன்முதலாக விவசாயத்துக்கெனத் தனி வரவுசெலவுத் திட்டம் சமர்ப்பித்தபோது, அவர் பெயராலேயே மரபு நெல் ரகங்களைக் காக்கும் இயக்கமொன்றை அறிவித்தது.

சர்க்கார் இயக்கம் வந்துவிட்டதே, இனி நமக்கென்ன வேலை என்று வாசகர்கள் இருந்துவிடலாகாது. விதைப்பண்ணையில் விளைவிப்பது சில ரகங்களாகவே இருக்கும். உங்கள் ஊரின் பள்ளக்காலுக்கு ஏற்ற நெல் எது என்பதை உங்கள் ஊர் முதியவரே அறிவார். அவர் இருக்கும்போதே கேட்டறிந்து, அந்த விதை எங்கேனும் இருந்தால் 2 கிலோ தேடிப் பெற்று, வருகிற சம்பாவில் ஒரு பாத்தியில் விதையுங்கள். தை மாதத்தில் 4 கிலோவை அளந்து தனியே கட்டி, கேட்டு வருபவருக்குக் கொடுப்பதற்காகப் பரணில் வையுங்கள்.